ஆவூர் மழையில் நனைந்த மருந்துப் பொடி

புதுக்கோட்டையில் நான் வந்து இறங்கிய அன்று மழை பெய்யவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐப்பசி பாதி போயும் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று லாட்ஜில் சாவி கொடுத்தவர் வருத்தப்பட்டார். நானும் கூடச் சேர்ந்து வருத்தப்பட்டேன். அவருக்கு நடவு நடக்க வேண்டும், அதற்கு மழை வேண்டும். எனக்கு என் மருந்து கெட்டுப்போகிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்கும் மழைதான் வேண்டும்.

நான் பினாங்கில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆஸ்துமாக்காரர்கள் வாயால் உறிஞ்சி இழுக்கும் பொடி மருந்து தயாரிப்பது எங்கள் குழுவின் வேலை. ஒரே கேப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று, சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரித்துவிடும். இழுத்த சில நிமிடங்களில் நெஞ்சு லேசாவது தெரியும். இன்னொன்று, குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை மெல்ல மெல்ல ஆற்றும். அது வேலை செய்வது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால், பலர் முதலாவதை மட்டும் இழுத்துவிட்டு இரண்டாவதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே வீக்கம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாதபடி இரண்டையும் சேர்த்தே செய்கிறோம்.

செய்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை வழியாகச் சில நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பரிசோதித்து வந்தோம். இழுத்து முடித்த வெற்றுக் கேப்ஸ்யூல்களை அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும். வெயில் காலம் முழுக்க எல்லாம் ஒழுங்காக இருந்தது. புரட்டாசியில் இங்கே நாலைந்து மழை பெய்த பிறகு வந்த கேப்ஸ்யூல்களில் இரண்டு பேருடையவை சரியில்லை. குழாயை விரிக்கும் மருந்து உள்ளே போயிருந்தது. வீக்கம் ஆற்றும் மருந்து, பாதிக்கு மேல், கேப்ஸ்யூலின் சுவரிலேயே அப்பியிருந்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கட்டிதட்டுமே, அந்த மாதிரி.

மருத்துவமனையிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த 'நன்றாக' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நெஞ்சை லேசாக்கும் மருந்துதான் உள்ளே போகிறதே, நன்றாக இருப்பதாகத்தானே தோன்றும்?

என் மேலாளர் லிம் வேறு மாதிரி நினைத்தார். "அவர்கள் மருந்தைத் தப்பாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார். நாம் செய்ததில் குறையில்லை என்று தெரிந்துகொண்டு வா" என்று அனுப்பிவைத்தார்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன். இந்த ஊரில், அவித்த முட்டையைக் காரமசாலாவில் பிரட்டிச் செய்யும் முட்டை மாஸ் சாப்பிடாமல் போகக்கூடாது என்று டாக்ஸிக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை விட இங்கே எல்லாமே கல்லில் அதிகமாக அடி வாங்குகிறது. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த பெரியவர் தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சிங்கப்பூருங்களா?" என்றார்.

"மலேசியா."

"பூர்வீகம் எங்கிட்டு?"

"தெரியலைங்க. தாத்தாவோட அப்பா காலத்துல போனது."

"தெரியலையா?" அவர் ஒரு வாய் பரோட்டாவை மென்றுகொண்டே என் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார். "அப்ப நம்ம ஊர்னே வச்சுக்கங்க. யாரு கேக்கப் போறா?"

மற்ற நேரமாக இருந்தால் சிரித்து மகிழ்ந்திருப்பேன். அன்று பாதி மாஸைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

*

மறுநாள் காலை மருத்துவமனையில் கோகிலா எனக்காகக் காத்திருந்தார். அவர் நர்ஸ்; பரிசோதனையில் சேர்ந்த நோயாளிகள் எல்லோரும் அவர் பொறுப்பு. முப்பது வயதிருக்கும். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதும் விழித்தார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம் என்றேன். "இங்க அப்படிக் கேட்டா, ராத்திரி பட்டினி கெடந்தோமோன்னு நெனச்சுக்குவாங்க மேடம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த ரெண்டு பேரையும் இதுல சேத்துவிட்டது நாந்தான் மேடம். நம்பிக்கையா வாங்கன்னு நாந்தான் வீட்டுக்கே போயிச் சொன்னேன்."

போய்ப் பார்ப்போம் என்று எழுந்தேன்.

முதலில் ஆதனக்கோட்டை. தஞ்சாவூர் சாலையில் முந்திரி வறுத்து விற்கும் ஊர். பஸ் ஸ்டாண்டில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறினோம். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கண்டக்டர் வந்தார்.

"ஆதனக்கோட்டை ரெண்டு."

"இது பாயின்ட் டு பாயின்ட்டுங்க. போர்டு பாக்க மாட்டீங்களா? தஞ்சாவூர்லதான் நிக்கும்."

கோகிலா கெஞ்சினார். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வேலை என்று என்னைக் காட்டினார். பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு அம்மா, "எறக்கித்தான் விடேம்ப்பா, என்ன கொறஞ்சு போகுது?" என்றார். டிரைவருக்கு மனது இளகியபோது ஊர் தாண்டியிருந்தது. வெட்டவெளியில் இறங்கித் திரும்பி நடந்தோம். எங்கள் ஊர் பஸ்களில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும், யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. இங்கே நாற்பது பேர் பேசி ஒரு பஸ்ஸை நிறுத்துகிறார்கள்.

ஊர் தெரிவதற்கு முன்னால் புகை தெரிந்தது. சாலையோரம் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள். இரும்புச் சட்டியில் முந்திரிக்கொட்டைகள் வறுபடும்போது அவற்றின் தோலில் இருக்கும் எண்ணெய் தீப்பிடித்துக் கரும்புகையாக எழும்பியது. நெஞ்சு நோய்க்காரர் ஒருவர் நாள் முழுக்க அதன் நடுவில் உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவரான ராசாத்தி அக்கா அங்கேதான் உட்கார்ந்து கட்டையால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. வறுக்கிறத விட்டுட்டேன்மா, டாக்டர் வேணாம்னாரு. ஒடைக்க மட்டுந்தான் வாரேன்" என்றார் முதல் பேச்சாக. அந்தக் கொட்டகையில் வறுப்பதற்கும் உடைப்பதற்கும் இடையே ஏழெட்டு அடிகூட இல்லை.

மருந்தைக் காட்டச் சொன்னேன். பின்னாலிருந்த வீட்டுக்குள் போய் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே கேப்ஸ்யூல்கள் எல்லாம் உறை பிரித்து, கொட்டிக் கிடந்தன.

ஈரம் படக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் அலுமினியப் பட்டையில் தனித்தனிக் குழிக்குள் அடைத்துக் கொடுக்கிறோம். இழுக்கப்போகும் நிமிடத்தில்தான் ஒன்றைக் கிழித்து எடுக்க வேண்டும். ராசாத்தி அக்கா மொத்தத்தையும் ஒரே நாளில் உரித்துப் போட்டுவிட்டிருந்தார்.

"ஒன்னொன்னாத்தானே பிரிக்கச் சொன்னோம் அக்கா?" என்றார் கோகிலா.

"கையப் பாருத்தா." அவர் விரல்களை நீட்டினார். முந்திரித் தோல் எண்ணெய் பட்டுப்பட்டு நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. "வழுவழுன்னு கெடக்கு, அத எங்கிட்டுப் புடிச்சுக் கிழிக்கிறது? மக வந்தப்ப அவகிட்டக் குடுத்து மொத்தமா பிரிச்சு வாங்கி வச்சுக்கிட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. டப்பாவைத் திறந்து திறந்து மூடியதில் ஈரம் ஏறியிருக்கிறது; மருந்து ஒட்டிக்கொண்டது; எங்கள் செய்முறையில் பிழையில்லை. சாலையோரத்திலேயே நின்று லிம்முக்குப் போன் போட்டேன். அவர் கத்திய சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற ஆடு நகர்ந்துகொண்டது.

"அப்புறமென்ன, கிளம்பி வந்துவிடு" என்றார்.

"இன்னொருத்தரையும் பார்க்க வேண்டும்."

"அவரும் இதையேதான் செய்திருப்பார்."

கோகிலா ராசாத்தி அக்காவின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். லேசான விசில் சத்தம் இருந்தது. டாக்டரைப் போனில் பிடித்து, அன்று மாலையே மருத்துவமனைக்கு வரச் சொல்லி, முன்பு எடுத்துவந்த பழைய மருந்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அக்காவுக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. "இது நல்லாத்தானம்மா கேக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பொட்டலம் வறுத்த முந்திரியை என் பைக்குள் திணித்தார்.

திரும்பும் வழியில் முதல் தூறல் விழுந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்கள். நானும் நீட்டினேன்.

*

மூன்றாம் நாள் விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை மத்தியானம் வரும், ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். இது உட்கார்ந்து பெய்யும் மழை. லாட்ஜ் அறையில் என் துண்டு காயவே இல்லை. சட்டை ஈரமாகவே உடம்பில் ஒட்டியது. பொடி மருந்து செய்கிறவளுக்கு இதெல்லாம் கெட்ட சகுனங்கள்.

நாங்கள் போக வேண்டிய ஊர் ஆவூர். பழைய பெரிய தேவாலயம் இருக்கும் கிறிஸ்தவ ஊர். அங்கே சூசைராஜ் என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர்.

"வாத்தியாரு ரொம்பக் கரெக்டான ஆளு மேடம். ட்ரெயினிங் குடுக்கிறப்ப நான் சொன்னத ரெண்டு தடவ திருப்பிச் சொல்லிக் காட்டுனாரு" என்றார் கோகிலா.

லிம் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவரும் இதையேதான் செய்திருப்பார். செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு முதியவர் தவறு செய்திருக்க வேண்டும் என்று நான் வேண்டுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

கீரனூர் தாண்டியதும் பஸ் இருமி நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கி ஓடி ஒரு டீக்கடைக்குள் ஒண்டினோம். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் முப்பது பேர். டீ வந்தது, வடை வந்தது. "பேயட்டும், பேயட்டும், நாலு நா நின்னு பேஞ்சாத்தான் கெணறு ஊறும்" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஒனக்குக் கெணறு ஊறும், எனக்கு வீடு ஊறுது" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. கடைக்காரர் ஈரத்தில் கட்டிதட்டிய சர்க்கரையைக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீ ஆறிப்போனது.

மாற்று பஸ் வந்து ஆவூருக்குச் சாலை பிரியும் விலக்கில் எங்களை இறக்கிவிட்டபோது, மழையில் ஒருவர் கறுப்புக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வாங்கம்மா. பஸ் லேட்டுன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணுனாங்க. ஊருக்குப் புதுசு, தடுமாறிருவீங்கன்னு வந்தேன்" என்றார் சூசைராஜ். கையில் எங்களுக்காக இன்னொரு குடை.

"நீங்க எதுக்கு சார் மழையில நின்னீங்க?" கோகிலா பதறினார்.

"அட, சும்மா வாம்மா."

வீட்டுக்கு நடந்தோம். தூரத்தில் தேவாலயத்தின் முகப்பு மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கொஞ்ச தூரம் நடந்ததும் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினார். ஒரு வாக்கியத்தை அவர் மூன்று துண்டாகச் சொல்கிறார் என்பதை நான் கவனித்தேன். கோகிலாவும் கவனித்தார். எங்கள் கண்கள் சந்தித்தன.

அவர் மனைவி ஆரோக்கியமேரி கதவைத் திறந்ததும், "நான் போறேன்னேன், கேக்கல. ஒரு வாரமா ராத்திரியெல்லாம் இருமல்" என்றார்.

"அது சளி" என்றார் வாத்தியார். "மருந்து இழுத்தா உடனே லேசாயிருதும்மா. அதுல ஒன்னும் கொறையில்ல."

மருந்து இருந்த அலமாரியை அவரே திறந்தார். உறை பிரிக்காத பட்டைகள், நாங்கள் கொடுத்த அட்டைப் பெட்டிக்குள், நேராக அடுக்கி இருந்தன. அடுப்படிக்கு எதிர்ப்பக்கம். தரையிலிருந்து உயரத்தில். இதைவிட நல்ல இடத்தை நானே சொல்லியிருக்க முடியாது.

"இழுத்துக் காட்டட்டுமா? இன்னைக்குக் காலையில பஸ்ஸப் பாக்கப் போற அவசரத்துல விட்டுப்போச்சு."

கையைத் துடைத்தார். துண்டை மடித்து வைத்தார். பட்டையில் ஒரு குழியை மட்டும், குறித்திருந்த கோட்டின் வழியே, மெதுவாகக் கிழித்தார். கேப்ஸ்யூலைக் கருவியில் வைத்து, பொத்தானை அழுத்தி ஓட்டை போட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, பிறகு வேகமாக இழுத்து, அடக்கி, விட்டார். பாடப்புத்தகத்தில் படம் போடலாம்.

நான் அந்த வெற்றுக் கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்தேன். உள்சுவர் முழுக்க வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி உருண்டு வந்தது.

பிறகு பட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் கிழித்த கோட்டை ஒட்டி, அடுத்த குழியின் ஓரத்தில், ஒட்டுப் போட்டிருந்த விளிம்பு மயிரிழை அளவுக்குத் தூக்கியிருந்தது. அதற்குள் வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு பட்டையை எடுத்து நானே ஒரு குழியைக் கிழித்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. ஒன்றைக் கிழித்தால் பக்கத்துக் குழி லேசாக வாய் திறந்துவிடுகிறது. அடுத்த வேளை வரும்வரை அது மழைக்காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. நாங்கள் பட்டைகளை செயற்கையாக ஈரக்காற்று ஏற்றிய கூண்டுக்குள் மாதக்கணக்கில் வைத்துச் சோதித்திருக்கிறோம். எல்லாம் முழுப் பட்டைகள். ஒன்று கிழித்த பட்டையை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

"என்னம்மா பாக்குறீங்க? நான் ஏதும் தப்பா..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு அவர் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்தெலும்புக்கு மேலே தோல் உள்ளே குழிந்தது. விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் அதுவும் தேய ஆரம்பித்தது. சத்தம் தேய்வது சரியாவதால் அல்ல, காற்றே போகாததால் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இந்த நோய்க்கு மருந்து செய்கிறேன். ஆள் இப்படித் திணறுவதை ஓரடி தூரத்தில் அன்றுதான் பார்த்தேன்.

நான் செயலற்று நின்றேன். கோகிலா நிற்கவில்லை. அவசரத்துக்கென்று எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்திருந்த நீல நிற இன்ஹேலர் பம்பை எடுத்து, தன் பையிலிருந்த பிளாஸ்டிக் குழலில் சொருகி அவர் வாயில் வைத்தார்.

"மெதுவா இழுங்க சார். அப்படித்தான். இன்னொன்னு. மேடம், வண்டிக்குச் சொல்லுங்க!"

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். சாலையில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றி வர நேரமாகும் என்றார்கள். ஆரோக்கியமேரி அதற்குள் மழையில் இறங்கி ஓடியிருந்தார். பக்கத்து வீட்டு அந்தோணி, கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், கைலியோடு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பின் இருக்கையில் வாத்தியார் நடுவில், ஒரு பக்கம் கோகிலா, மறுபக்கம் நான். அவரைச் சாய விடாமல் முன்னால் குனிந்தபடி பிடித்துக்கொண்டோம். கோகிலா சற்றைக்கொரு தரம் பம்பை அழுத்தினார். முன் இருக்கையில் ஆரோக்கியமேரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சேசுவே, சேசுவே" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோணி காரை நிறுத்தி ஒரு நொடி பார்த்தார்.

"போயிரலாமா?" என்று கேட்டேன்.

"போயித்தான ஆகணும்" என்று இறக்கிவிட்டார். கதவின் அடியில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்டது. வாத்தியாரின் கை என் மணிக்கட்டை இறுக்கியிருந்தது. நகங்கள் நீலமாகிக்கொண்டு வந்தன.

அரசு மருத்துவமனையில் எங்களைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆக்ஸிஜன், முகமூடி வழியே புகையாக இழுக்கும் மருந்து, நரம்பில் ஊசி. ஊசியில் ஏற்றியது வீக்கம் ஆற்றும் மருந்து. நாங்கள் தினமும் அவருக்குக் கொடுத்துவருவதாக நினைத்திருந்த அதே வகை மருந்து.

*

வராந்தாவில் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இடையில் ஒரு முறை டாக்டர் வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றார். அதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆரோக்கியமேரி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தோணி எங்கிருந்தோ இட்லிப் பொட்டலங்கள் வாங்கிவந்து எல்லோர் கையிலும் வைத்தார். யாரும் பிரிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் மறுபடி வந்தார். மூச்சு சீராகிவிட்டது, ஆள் பேசுகிறார், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். கோகிலா அப்போதுதான் அழுதார்.

நான் வெளியே போய் லிம்மை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்; முதலில் வாத்தியார் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார்.

"அப்படியானால் இது பட்டையின் கோளாறு. மருந்தில் குறையில்லை" என்றார் மெதுவாக. "அவர் மழையில் வேறு நின்றிருக்கிறார். இந்த இரண்டு பேரை மட்டும் விலக்கிவிட்டு, மற்றவர்களுக்கு வேறு டப்பா கொடுத்துத் தொடரலாம். இப்போது நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க விடுவார்களா என்று தெரியாது."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நிறுத்தினால் எங்கள் குழுவே கலைந்துபோகலாம்.

"லிம், இவர் ஒரு தவறும் செய்யவில்லை" என்றேன். "நாம் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார். அப்படிச் செய்தவருக்கே இது நடந்தால், மற்ற வீடுகளில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இன்று ராத்திரிக்குள் எல்லோரையும் நிறுத்த வேண்டும். நம் பரிசோதனையைக் கண்காணிக்கும் தனியார் மருத்துவமனை நெறிமுறைக் குழுவுக்கு நான் இப்போதே எழுதப்போகிறேன். உங்களுக்கும் ஒரு பிரதி வரும்."

"நீ எழுதிவிட்டால் திரும்பப் பெற முடியாது."

"தெரியும்."

மழையின் சத்தம் மட்டும் கேட்டது. அது என் பக்கத்து மழையா, அவர் பக்கத்து மழையா என்று தெரியவில்லை. கடைசியில், "எழுது" என்றார்.

*

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் நானும் கோகிலாவும் போனில் இருந்தோம். பிறகு ஆட்டோவில் ஊர் ஊராக அலைந்தோம். புதிய மருந்தை வாங்கிக்கொண்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த பழைய மருந்தைக் கையில் கொடுத்தோம். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. வல்லத்திராக்கோட்டையில் ஒரு விவசாயி, வயலுக்குள் நின்றபடியே, "நாலு மாசமா நல்லாத் தூங்குனேன். இப்பப் பழசுக்கே போகச் சொல்றீங்க" என்றார். அவர் பட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே மயிரிழை.

ஊர் திரும்பும் நாள் காலையில் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. வார்டு வாசலிலேயே ஆரோக்கியமேரி என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நேத்துலேர்ந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்காரும்மா" என்றார் தணிந்த குரலில். "எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்னு. கைய இப்படி வச்சு, கிழிக்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி, செஞ்சு செஞ்சு பாக்குறாரு. பாக்கச் சகிக்கல. நீங்க வந்து சொல்லுங்க. உள்ளது எதுவோ அதச் சொல்லுங்க."

நான் உள்ளே போனேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"சார், நீங்க எந்தத் தப்பும் பண்ணல" என்றேன். "நாங்க சொன்னத எல்லாம் சரியாச் செஞ்சீங்க. நாங்க குடுத்த பட்டை சரியில்ல. அத முன்னாடியே சோதிச்சிருக்கணும். நாங்க சோதிக்கல."

அவர் ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் நிறுத்தியாச்சு. நேத்தே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் சார்."

அவர் கண்களை மூடித் தலையணையில் சாய்ந்தார். வலது கை, அதுவரை போர்வையின் மேல் எதையோ கிழிப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தது, நின்றது. சற்று நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். நான் அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று கோகிலா இரண்டு முறை வந்து கூப்பிட்டார். எழுந்திருக்க மனம் வரவில்லை.